விருந்தாளியின் கோபம்: ஒரு ஓட்டல் திட்டமும் சில எதிர்வினைகளும்

கட்டப்படாமலே போன ஒரு ஓட்டலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டல் இருந்திருக்க வேண்டிய இடம் கலிபோர்னியா. நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட இடம் அமிர்தி, ஜவ்வாது மலையின் அடிவாரம்.

அக்கா மகன் போன ஐப்பசியில் வந்திருந்தான். டிஸ்னிலேண்ட் இருக்கிற அனஹைம் நகரத்துக்குப் பக்கத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிறான். வந்த மூன்றாம் நாளே, 'எங்கியாவது காட்டுப் பக்கம் போலாம் மாமா' என்றான். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தானே என்று அமிர்திக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1967-ல் தொடங்கிய சிறிய விலங்குப் பூங்கா அங்கே இருக்கிறது. புள்ளிமான், முதலை, மலைப்பாம்பு, மயில், கொஞ்சம் பறவைகள். மழை பெய்தால் உள்ளே அருவி, பெய்யாவிட்டால் பாறை. அன்றைக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் ஆரம்பித்தான்: 'மாமா, எங்க டிஸ்னிலேண்ட்ல ஓட்டல் கட்டப் போறோம்னு சொல்லி கடைங்களையெல்லாம் மூடினாங்க. அப்புறம் கட்டவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் எனக்கு மனசு ஆறல.'

'எங்க டிஸ்னிலேண்ட்' என்றான். அவன் வேலை பார்ப்பது அங்கே அல்ல. அவன் ஆண்டு பாஸ் வாங்கியவன். கம்பெனியின் அகராதியில் அவன் 'கெஸ்ட்', அதாவது விருந்தாளி. இந்த 'எங்க' எங்கிருந்து வருகிறது, அது யாரைச் சேர்த்துக்கொள்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலையில் அனஹைம் நகர மன்றம் ஆடம்பர ஓட்டல்களுக்கான ஒரு வரிச் சலுகைக்கு ஒப்புதல் தந்தது. ஓட்டலில் தங்குபவர்களிடம் வசூலாகும் வரியில் 70 சதவீதம், 20 ஆண்டுகளுக்கு, ஓட்டல்காரருக்கே திரும்பப் போகும். டிஸ்னி 700 அறைகள் கொண்ட ஒரு உயர்தர ஓட்டலைத் திட்டமிட்டது. அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய சலுகையின் மதிப்பு 267 மில்லியன் டாலர் என்று கணக்கிட்டார்கள். பிறகு கம்பெனி ஓட்டலின் இடத்தைக் கொஞ்சம் தள்ளி மாற்றியது. புது இடத்தில் ஏற்கனவே கடைகளும் ஒரு சினிமா தியேட்டரும் இருந்தன. 2018 ஜூன் மாதக் கடைசியில் அவை மூடப்பட்டன. இடம் மாறியதால் பழைய ஒப்பந்தம் செல்லாது என்று நகராட்சி சொல்ல, தகராறு. அதே 2018 அக்டோபரில் டிஸ்னி ஓட்டலையே கைவிட்டது. மூடிய கடைகளில் சில திரும்பத் திறந்தன, சில திறக்கவேயில்லை.

அக்கா மகனின் துக்கம் இந்தக் கடைகளைப் பற்றியது. குறிப்பாக ஒரு சாப்பாட்டுக் கடை: ரெயின்ஃபாரஸ்ட் கஃபே. பெயரே மழைக்காடு. உள்ளே பிளாஸ்டிக் இலைகள், ஆட்டோமேட்டிக்காகப் பிளிறும் யானை, மார்பில் தட்டிக்கொள்ளும் கொரில்லா, நேரம் வைத்து இடிக்கும் இடி. அவனுடைய பெண்ணின் முதல் நான்கு பிறந்த நாளும் அங்கேதான். 'அந்த யானையப் பாத்து அவ பயந்து அழுதது இன்னும் கண்ணுல நிக்குது மாமா' என்றான். நிஜமான காட்டின் விளிம்பில், நிஜமான மழை ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் பிளாஸ்டிக் மழைக்காட்டுக்காகக் கண் கலங்குகிறான். சிரிக்கத்தான் தோன்றியது. சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில், அதாவது சிறுபத்திரிகைப் பக்கத்தில், இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று அடோர்னோ வழி வந்தது: பண்பாட்டுத் தொழிற்சாலை இவனுக்கு நினைவுகளைத் தயாரித்து விற்றிருக்கிறது, இவனும் அதைத் தன்னுடையது என்று நம்புகிறான், அவ்வளவுதான். இன்னொன்று போத்ரியார் 1981-ல் சொன்னது: டிஸ்னிலேண்ட் என்கிற போலி இருப்பதே, அதற்கு வெளியில் உள்ள அமெரிக்கா நிஜமானது என்று நம்ப வைக்கத்தான். அவருக்கு முன்பே, 1973-ல், லூயி மரேன் அதைச் சீரழிந்த கற்பனாலோகம் என்றார். இந்த மூன்று பேரையும் நாம் போதுமான அளவு மேற்கோள் காட்டியாயிற்று. ஆனால் மூன்று பேரின் டிஸ்னிலேண்டிலும் விருந்தாளிக்கு வாய் கிடையாது. அவன் வருகிறான், மயங்குகிறான், போகிறான். அவன் கோபப்படுவான் என்பதற்கு அந்தச் சட்டகங்களில் இடமே இல்லை.

கோபம் எப்படி உண்டாகிறது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். டிஸ்னிலேண்ட் திறந்தது 1955 ஜூலை 17. வால்ட் டிஸ்னியிடம் அப்போது ஓட்டல் கட்டக் காசில்லை. அதே வருஷம் அக்டோபரில் திறந்த டிஸ்னிலேண்ட் ஓட்டலைக் கட்டியவர் ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர். கம்பெனி கைக்கு அது வந்தது 1988-ல்தான். பூங்காவைச் சுற்றி யார் யாரோ மோட்டல் கட்டிச் சம்பாதித்தார்கள். மின்விளக்குப் பலகைகள், மலிவு அறைகள், நெரிசல். அந்த எரிச்சலில்தான் ஃபுளோரிடாவில் பினாமிக் கம்பெனிகள் வழியாக 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். 1967-ல் அந்த நிலத்துக்குத் தனி மாவட்ட நிர்வாகமே சட்டப்படி கிடைத்தது. அது டிஸ்னியின் பிடியில் 2023 வரை இருந்தது. 1971 அக்டோபரில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்தபோது ஓட்டலும் பூங்காவோடு சேர்ந்தே பிறந்தது. கான்டெம்பரரி என்ற ஓட்டலின் வயிற்றுக்குள்ளேயே மோனோரயில் போகிறது. பாலினேசியன் ஓட்டலின் மணல்கரையில் நின்றால் ஏரிக்கு அந்தப்புறம் கோட்டையும் வாணவேடிக்கையும் தெரியும்.

ஆக, தீம் பார்க்கில் ஓட்டல் என்பது தூங்குகிற இடம் மட்டும் இல்லை. வெளி உலகத்தைக் கண்ணில் படாமல் செய்கிற சுவர். அங்கே போகிறவன் இரவிலும் வெளியே வர வேண்டியதில்லை. அவன் குடிமகனாக இருப்பதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு முழுநேர விருந்தாளி ஆகிறான். அவனுக்குக் காட்சி வாக்களிக்கப்படுகிறது. இந்த வாக்குறுதியைத்தான் அவன் பிறகு கம்பெனியின் மீதே திருப்பி வீசுகிறான்.

2015-ல் பாலினேசியன் ஓட்டலில் ஏரிக்குள் தூண் நட்டு 20 பங்களாக்கள் கட்டினார்கள். கரையில் மணலில் நின்று சும்மா பார்க்க முடிந்த கோட்டைக் காட்சியின் ஒரு பகுதி அந்தப் பங்களாக்களின் கூரைக்குப் பின்னால் போயிற்று. அந்தக் காட்சி இப்போது பங்களா எடுக்கிறவனின் வராந்தாவில் இருக்கிறது. 2022-ல் அதே ஓட்டலுக்கு ஒரு புதிய கோபுரக் கட்டடத்தின் வரைபடம் வெளியானபோது பழைய விருந்தாளிகள் கொதித்தார்கள். 1971-ன் தாழ்ந்த கூரைகளுக்குப் பக்கத்தில் இது என்ன பட்டணத்து அடுக்குமாடி, இதில் பாலினேசியா எங்கே என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் கோபுரம் திறந்துவிட்டது. கோபம் ஒன்றையும் நிறுத்தவில்லை.

'இதில் பாலினேசியா எங்கே' என்ற கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பழைய கட்டடத்தில் மட்டும் பாலினேசியா இருந்ததா? ஃபுளோரிடாச் சதுப்பில் இருந்தது பாலினேசியாவைப் பற்றிய அமெரிக்கக் கனவின் ஒரு பிரதி. ஆனால் ஐம்பது வருஷம் மக்கள் குழந்தைகளோடு புழங்கிய பிரதி, ஒரு கட்டத்துக்கு மேல் இடமாகிவிடுகிறது. போலி என்று நிரூபிப்பதால் அந்த இடத்தின் மேல் உள்ள பாத்தியதை இல்லாமல் போவதில்லை. மணல்கரையைக் கேட்டவர்கள் ஒரு பொதுவைத்தான் கேட்டார்கள்: குறைந்த காசுக்காரனும் நின்று வானத்தைப் பார்க்கக்கூடிய பத்தடி மணல். அவர்கள் வாயில் அந்தச் சொல் இல்லை, அவ்வளவுதான். ஓட்டலை வரவேற்றவர்களும் இருந்தார்கள்: பக்கத்திலேயே அறை கிடைத்தால் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அவஸ்தை மிச்சம் என்று. அதுவும் நியாயம்தான். ஆகவே விருந்தாளியின் எதிர்வினையை 'நுகர்வோர் புலம்பல்' என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை.

ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் அது போவதேயில்லை.

டிஸ்னியில் வேலைக்காரர் என்று யாரும் கிடையாது. எல்லாரும் 'காஸ்ட் மெம்பர்', நாடகக் குழுவின் உறுப்பினர். விருந்தாளி பார்க்கிற இடம் மேடை. பார்க்காத இடம் மேடைக்குப் பின்புறம். 2018 பிப்ரவரியில், அதாவது அனஹைம் ஓட்டல் பற்றிய சண்டை நடந்த அதே வருஷத்தில், ஆக்ஸிடெண்டல் கல்லூரியும் ஒரு ஆய்வு அமைப்பும் சேர்ந்து டிஸ்னிலேண்ட் தொழிலாளர்கள் 5,000 பேரிடம் தொழிற்சங்கங்களுக்காக நடத்திய ஆய்வு வெளிவந்தது. நான்கில் மூன்று பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், 73 சதவீதம், சம்பளம் அடிப்படைச் செலவுக்கே போதவில்லை என்றார்கள். பத்தில் ஒருவருக்கும் மேல், 11 சதவீதம் பேர், முந்தைய இரண்டு வருஷத்தில் வீடில்லாமலோ தனக்கென்று படுக்க ஓர் இடமில்லாமலோ இருந்திருக்கிறார்கள். காரில் தூங்கியவர்களின் கதைகளும் அப்போது வெளியே வந்தன. ஏறக்குறைய 30,000 பேர் வேலை செய்த இடம் அது.

இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் திட்டத்தைத் திரும்பப் படியுங்கள். 700 அறைகள்; அந்த அறைகளில் தூங்குகிறவர்கள் கட்டும் வரியிலிருந்து 267 மில்லியன் டாலர் கம்பெனிக்குத் திரும்பும்; அந்த அறைகளில் விரிப்பு மாற்றப் போகிறவர்களில் சிலருக்குத் தலை சாய்க்க அறையில்லை. அறை என்ற ஒரே சொல் இரண்டு பக்கத்திலும் நிற்கிறது. விருந்தாளிகளின் எதிர்வினைகளில் இது எங்கே இருந்தது என்று அக்கா மகனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் மானைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'நியூஸ்ல வந்துச்சு மாமா, தெரியும். ஆனா அதையும் ஓட்டலையும் நான் ஒண்ணா வெச்சு யோசிக்கல' என்றான். அவன் நேர்மையானவன்.

ஒன்றாக வைத்து யோசித்தவர்கள் வேறு ஆட்கள். மானியம் வாங்குகிற சுற்றுலா முதலாளிகள் மணிக்குக் குறைந்தது 15 டாலர் கூலி தர வேண்டும், அது வருஷம் ஒரு டாலர் ஏறி 2022-ல் 18 ஆக வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் ஒரு தீர்மானத்தை நகர மக்களின் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தன. 2018 நவம்பரில் அது ஜெயித்தது. அதற்குள் டிஸ்னி மானிய ஒப்பந்தங்களைத் தானே ரத்து செய்யச் சொல்லிவிட்டிருந்தது. மானியம் இல்லை, ஆகவே சட்டம் எங்களைக் கட்டாது என்பது வாதம். ஓட்டல் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு இடத்தகராறு ஒரு காரணம்; இந்தக் கூலிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள், முதல் சுற்றில் தோற்றார்கள். 2023 ஜூலையில் மேல்முறையீட்டு மன்றம், 1996-ல் பூங்கா விரிவாக்கத்துக்காக நகராட்சி செய்த நிதி ஏற்பாடும் மானியம்தான் என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் 233 மில்லியன் டாலருக்குச் சமரசம். பலன் பெறுகிறவர்கள் 50,000 பேருக்கும் மேல்.

எல்லாமே குறிகள், நிஜம் என்று ஒன்று மிச்சமில்லை என்று எழுதிய போத்ரியாரிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல் இதுதான். நிஜம் எங்கேயும் காணாமல் போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில், பின்சீட்டில் சுருண்டு படுத்திருந்தது. தொண்ணூறுகளில் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்த நாமும் அந்தக் காருக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இனி மலைக்கு வருகிறேன். வந்தே ஆக வேண்டும். ஏனென்றால் டிஸ்னிக்கு ஒரு காட்டு ஓட்டலும் இருக்கிறது. 1994-ல் ஃபுளோரிடாவில் திறந்த வில்டர்னஸ் லாட்ஜ். பெரிய பெரிய மரக்கட்டைகள், உயரமான கூடம், கல் அடுப்பு. அதற்கு மாதிரி, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1904-ல் கட்டிய ஓல்டு ஃபெய்த்ஃபுல் விடுதி. யெல்லோஸ்டோன் 1872-ல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே காட்டாட்டை வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி மக்களை அடுத்த பத்து வருஷத்துக்குள் வெளியே ஒதுக்கீட்டு நிலங்களுக்கு அனுப்பினார்கள். விருந்தாளி பயப்படுவான் என்று. முதலில் குடியிருந்தவன் போனான், பிறகு விருந்தாளி வந்தான், பிறகு விருந்தாளிக்கு மர ஓட்டல் வந்தது, தொண்ணூறு வருஷம் கழித்து அந்த ஓட்டலுக்கு ஒரு பிரதி வந்தது. பிரதியைப் பற்றிக் கட்டுரை எழுத ஆள் உண்டு. முதல் வரியை எழுதத்தான் ஆள் குறைவு.

ஜவ்வாது மலையில் குடியிருப்பவர்கள் தங்களை மலையாளிகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த வம்சம் என்பது அவர்கள் சொல்லும் கதை. ஆக அவர்களும் ஒரு காலத்தில் விருந்தாளிகள். வந்து சாமை விதைத்தார்கள், புளியும் தேனும் எடுத்தார்கள், மலையை ஆண்டார்கள். 1882-ன் சென்னை வனச் சட்டம் வந்ததும் மலை 'ரிசர்வ்' ஆயிற்று, ஆண்டவன் அத்துமீறினவன் ஆனான். 2006 வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா கொடுப்பது நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2016 வரை நின்றுகொண்டிருந்தது. கூலி தேடி இந்த மலையிலிருந்து ஆந்திரத்துக்குப் போனவர்களின் கதி 2015 ஏப்ரல் 7 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்நாட்டுத் தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அன்றைய தினமும் அமிர்தியில் மான் பார்க்க யாராவது டிக்கெட் வாங்கியிருப்பார்கள்.

இதை எழுதும்போது என் பழைய துண்டறிக்கை ஒன்று நினைவுக்கு வந்து குத்துகிறது. பல வருஷத்துக்கு முன் வேறொரு மலையில் ஒரு சொகுசு விடுதி வருகிறது என்று நண்பர்கள் சேர்ந்து கண்டித்தோம். வாசகம் நான் எழுதியது. அண்மையில் தேடியெடுத்துப் பார்த்தேன். 'அழகு' என்ற சொல் ஆறு தடவை வருகிறது. 'அமைதி' நான்கு. 'கான்கிரீட்' ஐந்து. அந்த மலையில் குடியிருப்பவர்கள் ஒரே ஒரு தடவை, அதுவும் 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்கு அடைமொழியாக. பாலினேசியன் ஓட்டல் கோபுரத்தைப் பார்த்து, காட்சி போச்சே என்று கத்திய அமெரிக்க விருந்தாளிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது காசு கொடுத்துவிட்டுக் கத்தினான். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வந்த மலைக்கு 'நம் மலை' என்று தலைப்பு வைத்திருந்தேன்.

விதிமீறல்களை எதிர்க்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டலின் கூடுதல் மாடிகளை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் தொண்ணூறுகளில் நடத்திய வழக்கு இல்லாமல் அந்த மாடிகள் இறங்கியிருக்காது. ஒரு ஓட்டல் மாடி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கும் அதுவே சாட்சி. அந்த அனுமதி தொடர்பான ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டதும் தர்மபுரியில் கல்லூரி பஸ்ஸைக் கொளுத்தினார்கள்; மூன்று மாணவிகள் எரிந்து செத்தார்கள். 2001-ல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஓட்டலுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் அந்த ஓட்டலுக்கு விருந்தாளிகளும் இல்லை, வேலைக்காரர்களும் இல்லை.

அமிர்தியில் டீக்கடை அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். 'இன்னாபா, இங்க ஓட்டல் வருதா?' என்றார். இல்லைம்மா, அமெரிக்காவில் என்றேன். ஏமாந்த மாதிரி இருந்தது. 'வந்தா நல்லாத்தான் இருக்கும். காலைல வர்ற ஜனத்துக்கு இட்லிகூட இல்ல' என்றார். நம்மூரில் ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம், தங்குவது லாட்ஜ் என்பது அக்கா மகனுக்கு மறந்துபோயிருந்தது. அவன் விளக்கினான்: சாப்பாட்டுக் கடை இல்லை, 700 ரூம், ஒரு ராத்திரிக்கு இங்கத்திக் கணக்கில் முப்பது நாப்பதாயிரம் ஆகும் என்று.

அவர் பாலை இறக்கி வைத்தார். 'எழுநூறு ரூமா? எழுநூறு ரூமு தொடைக்க எத்தினி பொம்பளைங்க வேணும்?' என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. 'ராவுல எந்நேரம் உடுவாங்க? மேல ஊருக்குக் கடைசி பஸ்சு போயிடுமே. அந்தப் பொம்பளைங்க எங்க படுப்பாங்க?'

அவன் என்னைப் பார்த்தான். நான் கிளாஸைப் பார்த்தேன். டீ ஆறிப்போயிருந்தது. இரண்டு டீக்கும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கும் காசை எண்ணிக் கொடுத்தேன். அவர் சில்லறை தேட உள்ளே போனார்.